தேய்வுறாப் பூச்சுப் பிரிவு

மூன்று வாரமாக என் வளையங்கள் எல்லாம் தோற்றுக்கொண்டிருக்கின்றன. இருபத்தாறு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. ஒவ்வொரு வளையம் தோற்கும்போதும் எனக்கு ஒரு மஞ்சள் படிவம் வருகிறது. 'தோல்விக்கான காரணம்' என்று அதில் ஒரு கட்டம். எழுத ஒன்றரை வரி இடம். அந்த ஒன்றரை வரியில் நான் என்ன எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எதற்காக எழுதுகிறேன் என்று சொல்ல இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது.

முதலில் என் வேலை. விமான இன்ஜினுக்குள் ஒரு சக்கரம் சுற்றும். அதன் விளிம்பெல்லாம் கத்தி கத்தியாகப் பிளேடுகள். அதற்கு வெளியே, சக்கரத்தைச் சுற்றி ஓர் உலோக வளையம். பிளேடு நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் காற்று ஒழுகும், எரிபொருள் வீணாகும். இடைவெளியே இல்லாவிட்டால், சூட்டில் பிளேடு நீளும்போது உலோகமும் உலோகமும் மோதும். இந்த இரண்டு தொல்லைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். அலுமினியப் பொடியையும் பிளாஸ்டிக் பொடியையும் கலந்து, நெருப்பில் ஊதி, வளையத்தின் உட்புறத்தில் ஒரு மெத்தென்ற பூச்சைத் தெளிப்பேன். பிளேடு வந்து உரசினால் பூச்சு விட்டுக்கொடுத்து மாவாக உதிரும். பிளேடு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே செதுக்கிக்கொள்ளும், அதன் மேல் ஒரு கீறல் விழாது. தேய்வதற்கென்றே பிறந்த பூச்சு அது. அது தேயாவிட்டால் வேறு ஏதாவது உடையும். தொழில் இவ்வளவுதான், மற்றதெல்லாம் படிவம்.

பூச்சு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழி. ஒன்று என்னுடையது. வளையத்தோடு சேர்த்துத் தெளித்த மாதிரித் தகட்டில் வீட்டுச் சாவியை ஓர் இழு இழுப்பேன். மாவு கொட்டினால் நல்ல பூச்சு. இன்னொரு வழி சோதனை அறையில் இருக்கும் குண்டு மேடத்துடையது. பெயரைக் கேட்டு யாரும் தப்பாக நினைக்க வேண்டாம், ஆள் ஊதினால் பறந்துவிடுவார். சின்ன எஃகுக் குண்டைத் தகட்டின் மேல் வைத்து அழுத்தி, எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்து ஓர் எண் சொல்வதால் அந்தப் பெயர். எண் ஐம்பத்தைந்துக்குக் கீழே போனால் பூச்சு ரொம்ப மெத்து, காற்றுக்கே உதிர்ந்துவிடும். அறுபத்தைந்துக்கு மேலே போனால் ரொம்பக் கெட்டி, பிளேடைப் பதம் பார்த்துவிடும். நடுவில் இருந்தால் அவர் கையெழுத்துப் போடுவார், நான் என் பதினான்காம் நம்பர் முத்திரையைக் குத்துவேன். என் சாவியும் அவருடைய குண்டும் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் சண்டை போட்டுக்கொண்டதில்லை.

என் முத்திரை விழுந்த வளையம் பணிமனையின் மறுகோடியில் உள்ள சோதனைக் கொட்டகைக்குப் போகும். அங்கே அதை இன்ஜினில் மாட்டி ஓட்டிப் பார்ப்பவர் என் மாப்பிள்ளை, என் தங்கை வீட்டுக்காரர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. குடும்பம் என்றால் தங்கை வீடுதான். மாப்பிள்ளையைப் போல நிதானமான ஆளை நான் பார்த்ததில்லை. சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாக எண்ணிப் போடுவார். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அவர் பாதி டப்பாவைத் தாண்டுவதற்குள் சங்கு ஊதிவிடும், மீதியைச் சாயங்காலம் பஸ்ஸில் சாப்பிடுவார். இன்ஜினின் வேகத்தை ஏற்றும் கைப்பிடியையும் அப்படித்தான் தள்ளுவார். பத்து நிமிடத்தில் ஏற்ற வேண்டியதைப் பன்னிரண்டு நிமிடத்தில் ஏற்றினார் என்று அவருக்கு இரண்டு முறை மெமோ கொடுத்திருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஒரு பலகையில் ஆரம்பித்தது. எங்கள் கூடத்து வாசலுக்கு மேலே, என்றைக்கோ யாரோ விஷயம் தெரிந்த மனிதர் எழுதி மாட்டிய பலகை அது: 'தேய்வுறு பூச்சுப் பிரிவு'. போன வருடம் இயக்குநர் பார்வையிட வந்தார். கூடவே நம்பக அதிகாரி. பூச்சுகளின் நம்பகத்தன்மையை மேம்படுத்த என்று ஒரு புதுத் துறை திறந்து, அதற்குத் தலைவராக இவரைக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு செருப்புக் கம்பெனியில், அடிப்பாகம் தேயாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாராம்.

இயக்குநர் பலகையை அண்ணாந்து பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் சுருங்கியது.

"இது என்னய்யா, தேய்வுறு? நம்ம பூச்சு தேயும்னு நாமளே போர்டு மாட்டி வெச்சிருக்கோமா?"

"எழுத்துப்பிழை சார்," என்றார் நம்பக அதிகாரி, கண் இமைக்காமல்.

"பிழை இல்லை சார், அது தேயத்தான்..." என்று நான் வாயெடுத்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "இருபத்தாறு வருஷமா இந்தப் பிழைக்குக் கீழேயே நுழைஞ்சு போயிருக்கீங்க. ஒருத்தர் கண்ணுலயும் படல பாருங்க."

அன்று மதியமே பெயின்டர் வந்தார். 'று'வின் வாலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு துணைக்காலை நட்டார். இடம் போதாமல் ஒரு 'ப்'பையும் இடுக்கில் திணித்தார். தேய்வுறாப் பூச்சுப் பிரிவு. நம்பக அதிகாரி கீழே நின்று, "சந்தி கூடச் சரியா இருக்கு" என்று மெச்சினார். ஏணி ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

மாப்பிள்ளை சாயங்காலம் பலகையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "கால் முளைச்சிடுச்சு மச்சான். இனி எங்கெல்லாம் ஓடப்போகுதோ!"

பலகை மாறினால் என்ன, பூச்சு பலகையைப் படிக்கவா போகிறது என்று நானும் சிரித்தேன். அலுவலகம் படிக்கும் என்பது தோன்றவில்லை. அடுத்த மாதமே செயல்முறை ஏடு பலகையைப் பார்த்துத் திருத்தப்பட்டது. 'பூச்சு தேய வேண்டும்' என்று இருந்த இடமெல்லாம் 'பூச்சு தேயக்கூடாது' ஆனது. பிறகு மேல் வரம்பை நீக்குவதற்கு ஒரு கூட்டம். எங்களை எல்லாம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது.

"நேர்மைக்கு மேல் வரம்பு உண்டா?" என்று ஆரம்பித்தார் நம்பக அதிகாரி. "ஒழுக்கத்துக்கு உண்டா? 'கண்ணு, இதுக்கு மேல நல்லவனா இருக்காதே'ன்னு நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுப்போமா? அப்புறம் கெட்டித்தன்மைக்கு மட்டும் எதுக்கு மேல் வரம்பு? இத்தனை வருஷமா நம்ம தொழிலாளியோட திறமையை அறுபத்தஞ்சுலயே கட்டிப் போட்டிருக்காங்க. நான் பூச்சுத் தொழில் படிச்சவன் இல்லை. அதை மறைக்க மாட்டேன். படிக்காததாலதான் இந்த அநியாயம் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எனக்கே ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, அப்புறம்தான் சாவி ஞாபகம் வந்தது. அன்றோடு குண்டு மேடத்தின் படிவத்தில் எண் எழுதும் கட்டம் போய்விட்டது. அதற்குப் பதிலாக 'குறைந்தபட்சக் கெட்டித்தன்மை: உண்டு / இல்லை' என்று ஒரு வரி. அந்தக் குறைந்தபட்சம் அறுபத்தாறில் ஆரம்பித்து மாதம் இரண்டு புள்ளி ஏறும். வாசலில் ஒரு பெரிய வரைபடம் மாட்டினார்கள். அதில் சிவப்புக் கோடு ஒன்று மேலே போய்க்கொண்டே இருந்தது. தாள் முடிந்ததும் மேலே இன்னொரு தாள் ஒட்டினார்கள்.

நான் ஒரு மனு எழுதினேன். எனக்கு எழுத வராது. ஆனாலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பூச்சு ஏன் தேய வேண்டும், தேயாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கம் எழுதினேன். 'எதிர்மறை மனநிலை' என்று அதன் மூலையில் சிவப்பு மையில் எழுதி, என்னை ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியின் பெயர் 'தேயாத நான்'. பயிற்சியாளர் எங்களை இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நூறு தடவை தேய்க்கச் சொன்னார். "இப்ப பாருங்க, கை தேஞ்சிருக்கா? இல்லைல்ல? ஏன்? மனசு!" என்றார். எல்லாரும் அவரவர் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் விரல்களில் ரேகையே கிடையாது. இருபத்தாறு வருடப் பொடியும் சூடும் அதை எப்போதோ சாப்பிட்டுவிட்டன. வருகைப் பதிவு இயந்திரம் என் கட்டைவிரலை ஆள் என்றே ஒப்புக்கொள்ளாது, காவலாளிதான் நோட்டில் டிக் அடிப்பார். அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் எல்லாரும் "தேய மாட்டேன்! தேய மாட்டேன்!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். நானும் கத்தினேன்.

அடுத்த வாரம் என் வளையம் அறுபத்து நான்கில் வந்து தோற்றது. இன்னொன்று தோற்றால் என்னைக் கிடங்குக்கு மாற்றிவிடுவோம் என்று ஓலை வந்தது. எனக்குத் தெளிக்க மட்டும்தான் தெரியும். கிடங்கில் உட்கார்ந்து ஆணி எண்ணிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன், பயந்துவிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தெளிக்கும் துப்பாக்கியை வளையத்துக்கு நாலு விரல் கிட்டே கொண்டுபோனேன். சூட்டை ஏற்றினேன். பிளாஸ்டிக் பொடியைக் குறைத்தேன். பூச்சு கருங்கல் மாதிரி இறங்கியது. ஆறு மாதத்தில் எழுபது, எழுபத்தைந்து, எண்பது. சாவியை இழுத்தால் மாவு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் மாவே வரவில்லை, பளபளவென்று ஒரு கோடு மட்டும் விழுந்தது. அது சாவியின் பித்தளை.

"எண்பத்து மூணு," என்றார் குண்டு மேடம், அன்று. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "எழுத இடம் இல்லை. உங்ககிட்டயாவது சொல்லி வைக்கிறேன்." 'உண்டு' என்பதை டிக் அடித்தார். நான் பதினான்கைக் குத்தினேன்.

மறுநாள் காலை டீக்கடையில் மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

"மாப்ள, நேத்து வந்த வளையம் கொஞ்சம் கெட்டி. பார்த்து ஓட்டுங்க."

"எவ்வளவு?"

"எண்பத்து மூணு."

அவர் டீயை ஊதி ஊதி யோசித்தார். "பேப்பர்ல உண்டுன்னுதானே இருக்கு?"

"உண்டுதான்."

"உங்க முத்திரை இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன மச்சான்? பதினாலைப் பார்த்தா நான் கண்ணை மூடிட்டு மாட்டுவேன்."

'மாட்டாதீங்க' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கிடங்கும் வந்தது. நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தேன். அவர் கிளாஸில் இன்னும் முக்கால் பங்கு இருந்தது, எப்போதும் போல.

பத்தரை மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஒரு கிறீச்சல், பிறகு பெரிய தகரக் கூரை ஒன்று இடிந்து விழுவது போல. முழு வேகத்தில் பிளேடு நீண்டு போய் வளையத்தில் முட்டியிருக்கிறது. வளையம் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று பிளேடுகள் முறிந்து, கவசத்தைக் கிழித்து, எண்ணெய்க் குழாயை அறுத்துவிட்டன. தீப்பிடித்தது. எரிபொருள் குழாயின் வால்வைக் கையால் திருகி மூட வேண்டிய பொறுப்பு இன்ஜின் ஓட்டுபவருடையது. மாப்பிள்ளை உள்ளே போய் மூடினார். முழுதாக, கடைசிச் சுற்று வரைக்கும் மூடியிருந்தார். வெளியே வரவில்லை.

தங்கையிடம் நான்தான் போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எழுத வரவில்லை.

அவருடைய அலமாரியில் இருந்ததை என்னிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். சாப்பாட்டு டப்பா, ஒரு சீப்பு, வீட்டுச் சாவி. தங்கை சாவியை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "நீ வெச்சுக்கோண்ணா. வாசல்ல நின்னு கூப்பிட வேணாம், நீயே திறந்துட்டு வா. அந்தச் சத்தம் கேட்டாப் போதும் எனக்கு." அவர் ஆறு மணிக்குச் சாவி போடும் சத்தத்தைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

விசாரணைக் குழுவுக்குத் தலைவர், நம்பக அதிகாரி. பதினோரு நாளில் அறிக்கை வந்தது, பிரதி ஒன்று தங்கைக்கும். முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது: 'விபத்துக்குக் காரணம்: இயக்குபவரின் அவசரம்.'

தங்கை அதுவரை அழுதுகொண்டிருந்தாள். அதைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது.

"அவசரமா? யாரு, அவரா? செருப்பு மாட்டவே அஞ்சு நிமிஷம் ஆகும்ண்ணா அவருக்கு. கல்யாணத்தன்னிக்கே அவரை எல்லாரும் தள்ளிக்கிட்டுத்தான் வந்தாங்க." தாளை என் முன்னால் வைத்தாள். "எனக்கு வேற எதுவும் வேணாம். இந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லு. அவரு அவசரப்பட்டுச் செத்தாருன்னு நான் நாளைக்கு என் பொண்ணுக்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

குழுவின் முன்னால் போனேன். மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து, முறிந்த பிளேடுகளையும் கிழிந்த கவசத்தையும் வைத்திருந்தார்கள். நடுவில் என் வளையத்தின் ஒரு துண்டு. பூச்சில் நகக்கீறல் கிடையாது, பதினான்கு தெளிவாகத் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு வந்த இரண்டு மெமோக்களையும் நான் கொண்டுபோயிருந்தேன்.

"சார், இவரு மெதுவா ஓட்டுறாருன்னு நீங்களே மெமோ குடுத்திருக்கீங்க. இவரு எப்படி அவசரப்பட்டிருப்பாரு?"

அதிகாரி இரண்டையும் கவனமாகப் படித்தார். "மெமோவை அவர் மதிச்சிருக்கார். திருந்தியிருக்கார். திருந்தின வேகத்துல கொஞ்சம் அதிகமா போயிட்டார், பாவம். மெமோவுக்குப் பலன் இருக்குங்கறதுக்கு இதைவிட என்ன வேணும்?" பக்கத்தில் இருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார்.

நான் மேஜை மேல் இருந்த வளையத் துண்டைக் காட்டினேன். "சார், தப்பு என்னோடது. பூச்சு நான் தெளிச்சது. எண்பத்து மூணு. மேடத்தைக் கேளுங்க."

குண்டு மேடம் எழுந்து நின்றார். "எண்பத்து மூணுதான் சார். நான் அழுத்திப் பார்த்தேன்."

"அந்த மாசம் எவ்வளவு வேணும்?"

"எழுபத்தெட்டு."

"அஞ்சு அதிகம்! பாராட்டுக்கள். உட்காருங்க."

"சார், அதான் சார் தப்பு!" என்று கத்திவிட்டேன். "அது தேஞ்சிருக்கணும். அது தேஞ்சிருந்தா அவரு உயிரோட இருந்திருப்பாரு. அது தேயாம நின்னுதான் என் மாப்பிள்ளையைக் கொன்னுடுச்சு. நான் கொன்னுட்டேன்."

அதிகாரி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது, பொய் சொல்ல மாட்டேன். "இங்க பாருங்க. பிளேடு உடைஞ்சிருக்கு, கவசம் கிழிஞ்சிருக்கு, குழாய் அறுந்திருக்கு. இந்த மேஜை மேல உடையாம இருக்கறது உங்க வேலை ஒண்ணுதான். இதுக்கு மேல நம்பகம்னா என்ன?" பிறகு எழுத்தரிடம் திரும்பினார். "எழுதிக்கங்க. பூச்சாளர், தாங்க முடியாத துக்கத்திலும், தன் பூச்சு தேயவில்லை என்பதைத் தானே உறுதி செய்தார்."

"அவசரம்ங்கற அந்த ஒரு சொல்லையாவது அழிச்சுடுங்க சார்."

"அது முடியாதே," என்றார் அவர், மிகவும் மென்மையாக. "இந்தத் துறையில ஒரு படிவத்துல ஏறின சொல்லை அழிக்க விதி இல்லை. முப்பது வருஷம் பாதுகாப்போம். யார் எழுதினாலும் சரி, என்ன எழுதினாலும் சரி, நானே நினைச்சாலும் ஒரு புள்ளியைக்கூட எடுக்க முடியாது. உங்க பூச்சு மாதிரிதான், எங்க பேப்பரும் தேயாது."

அடுத்த மாதம் எனக்கு விருது அறிவித்தார்கள். பெயர் 'தேயா விருது'. வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன், தன்னடக்கம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லி அழைப்பு. தங்கையிடம் எப்படிக் காட்டுவது என்று ஒளித்து வைத்திருந்தேன், அவளே சட்டைப்பையில் இருந்து எடுத்துவிட்டாள்.

"மேடையில உன்கிட்ட மைக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கன்னு நினைக்கிறேன்."

"அப்ப நானும் வர்றேன். எல்லாரு முன்னாடியும் ஒரு தடவை சொல்லிடுண்ணா. அவரு அவசரப்படலன்னு. பேப்பர்ல இல்லாட்டிப் போகுது, நாலு பேர் காதுல விழட்டும்."

விழா பகல் பதினோரு மணிக்கு. தங்கை மூன்றாவது வரிசையில், ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள்ளே அதே வளையத் துண்டு. தீயின் கரியைத் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். இயக்குநர் பேசினார், நம்பக அதிகாரி பேசினார். "ஒரு விபத்திலும் அசையாத பூச்சு" என்று இரண்டு பேரும் சொன்னார்கள். பெட்டியைத் திறந்து, துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். நான் மைக்கைப் பார்த்தேன்.

"விருது வாங்குறவர் பேச நிகழ்ச்சி நிரல்ல இடம் இல்லை," என்று காதருகில் சொன்னார் அதிகாரி. "சும்மா சிரிங்க, போதும்."

மூன்றாவது வரிசையில் இருந்து தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பையில் கையை விட்டேன். கையில் வந்தது சாவி. பார்க்கட்டும், இதிலிருந்து ஒரு சிட்டிகை மாவு கூட வராது என்பதை எல்லாரும் பார்க்கட்டும் என்று, துண்டை மேலே தூக்கிப் பிடித்துச் சாவியால் இழுத்தேன். ஒரு தடவை, பத்து தடவை, இருபது தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, இழுத்துக்கொண்டே இருந்தேன். மஞ்சளாகப் பித்தளைத் தூள்தான் கொட்டியது.

"பாருங்க!" என்று மைக்கில் கூவினார் அதிகாரி. "செயல்முறை விளக்கம்! சாவி தேயுது, பூச்சு தேயல!"

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. தங்கை மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது, "நீ அதைத்தான் சொன்னேன்னு எனக்குப் புரிஞ்சுதுண்ணா" என்றாள். "அவங்களுக்குத்தான் புரியல." அவள் வீட்டு வாசலில், வழக்கம்போல நான் முன்னால் போய்ச் சாவியைப் போட்டேன். திரும்பவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டேன், அப்போதும் திரும்பவில்லை. அப்போதுதான் பார்த்தேன், என் சாவி இன்னொரு பையில் இருந்தது. மேடையில் நான் தேய்த்தது மாப்பிள்ளையின் சாவி. பல்லெல்லாம் மழுங்கிப் போயிருந்தது.

"என்னண்ணா?"

"தேஞ்சுபோச்சும்மா."

அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, கொஞ்ச நேரம் விரலால் தடவிப் பார்த்தாள். தன் சாவியால் கதவைத் திறந்து, அவர் சட்டை மாட்டும் ஆணியில் அதை மாட்டினாள். அன்று அவள் அழுத அழுகையை என் எதிரி கூடக் கேட்க வேண்டாம். உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் நான் அப்படியே நின்றேன். அந்த அழுகைக்கு நடுவில்தான் அதிகாரி சொன்ன விதி எனக்கு ஞாபகம் வந்தது. யார் எழுதினாலும் சரி, என்ன எழுதினாலும் சரி.

மறுநாள் துப்பாக்கியைப் பழைய தூரத்துக்குத் தள்ளினேன். பிளாஸ்டிக் பொடியைப் பழைய அளவுக்குக் கூட்டினேன். என் வீட்டுச் சாவியை இழுத்தேன், மாவு கொட்டியது. குண்டு மேடம் அழுத்திப் பார்த்து, "அறுபது" என்றார். பிறகு 'இல்லை' என்பதை டிக் அடித்தார். அவர் பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழியாமல் இருந்ததே பெரிது. மஞ்சள் படிவம் வந்தது. நான் ஒன்றரை வரியில் காரணம் எழுதிக் கொடுத்தேன். ஆவண அறையில் அதற்கு எண் போட்டு, முத்திரை குத்தி, முப்பது வருடத்துக்குப் பூட்டி வைத்தார்கள்.

மூன்று வாரமாக இங்கிருந்து ஒரு வளையமும் இன்ஜினுக்குப் போகவில்லை. நல்ல வளையங்கள் எல்லாம் நிராகரிப்பு அறையில் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கின்றன. எங்கள் பிரிவில் தெளிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தேயா விருது வாங்கியவரை ஒரு வருடத்துக்கு எங்கேயும் மாற்றக்கூடாது என்று அவர்களே விதி எழுதியிருக்கிறார்கள். விருதுக்குப் பிறகு இன்ஜின் பழுது பூஜ்யம் என்று நம்பக அதிகாரி வரைபடத்தில் புதுக் கோடு போட்டிருக்கிறார். படிவங்களை அவரும் படிக்கிறார். நேற்று என்னைக் கூப்பிட்டு, "காரணம்னு கேட்டா என்னென்னமோ எழுதுறீங்களே" என்றார். அழிக்கச் சொல்லவில்லை, சொல்ல விதி இல்லை.

படிவத்தில் நான் எழுதுவது ஒரே வாக்கியம்தான். ஒவ்வொன்றிலும் நிதானமாக, எழுத்தெழுத்தாக எழுதுகிறேன்: 'சோதனைக் கொட்டகையில் இன்ஜின் ஓட்டிய என் மாப்பிள்ளை அவசரப்படவில்லை, என் வளையம்தான் தேயவில்லை.'

இப்போதெல்லாம் ஆறு மணிக்குத் தங்கை வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறேன். அவள் திறந்ததும் கேட்கிறாள்.

"இன்னிக்கு எத்தனைண்ணா?"

"மூணும்மா."